மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்: எப்பக்கமும் சேராத தஞ்சைத் தமிழர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

நாடறிந்த சான்றோர் பலரைத் தந்தது தஞ்சைத் தரணி. குடந்தையில் உள்ள நம் கல்லூரியின் பெயரைச் சொன்னவுடன் கணித மேதை இராமானுஜனும் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரும் நினைவுக்கு வருகின்றனர். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றொருவரை நம் தலைமுறை ஏறக்குறைய மறந்தே விட்டது. அவர்தாம் மகாகனம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரது ஆங்கில நாவன்மையைக் கேட்டு உலகம் வியந்தது. ஆனால் இக்கட்டுரையில் நான் எழுத விழைவது அவரது ஆங்கிலத்தைப் பற்றி அன்று. நாடு இரு பெரும் அணிகளாகப் பிரிந்து நின்ற காலத்தில் எந்த அணிக்குள்ளும் முழுமையாக அடங்காமல் நின்றவர் அவர். அப்படி நின்றதால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே என் கட்டுரைப் பொருள். வாக்குச்சாவடிக்குச் செல்லும் வயதை எட்டிய நம் எல்லோருக்கும் இது வேண்டிய ஆராய்ச்சி என்றே கருதுகிறேன்.

இளமையும் கல்வியும்

குடமுருட்டி ஆற்றங்கரை ஊர் வலங்கைமான். இன்று பாடைக் காவடித் திருவிழாவுக்கும் வெடித் தொழிலுக்கும் பெயர் பெற்று விளங்கும் அவ்வூரில், 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சாஸ்திரியார் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தவர் காந்தியடிகள். இருவருக்கும் வயது வித்தியாசம் பத்தே நாட்கள்தாம்! பிற்காலத்தில் அடிகள் இவரைத் தம் தமையனாகவே மதித்து வந்தார்.

குடும்பத்தில் வடமொழிப் புலமை இருந்தது, செல்வம் இல்லை. குடந்தை நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் நம் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலத்திலும் வடமொழியிலும் முதல் வகுப்பில் தேறி 1887இல் பட்டம் பெற்றார். அப்போது நம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதும் அதே 1887இல்தான். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே ஆண்டில் ஒருவர் பழந்தமிழ்ச் செல்வத்தை உலகுக்குக் காட்டினார். மற்றொருவர் ஆங்கிலத்தைக் கைவாளாக ஏந்தி வெளியேறினார் எனலாம்.

மாயவரம் நகராட்சிப் பள்ளியில் ஆசிரியராகத் தொடங்கிய சாஸ்திரியார், சேலத்திலும் பணியாற்றி, 1894இல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அதைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தார். கோபாலகிருஷ்ண கோகலே புனே நகரில் 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் அவரை ஈர்த்தது. அதன் உறுப்பினர்கள் சிறு ஊதியத்தில் எளிய வாழ்வு வாழ்ந்து நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்பது விதி. 1907இல் அதில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார்.

சட்டத்தையும் எதிர்த்தார், மறியலையும் ஏற்கவில்லை

சாஸ்திரியாரின் நிலையைப் புரிந்துகொள்ள 1919ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழி செய்த ரௌலட் மசோதா அவ்வாண்டு பிப்ரவரியில் டெல்லி சட்டசபைக்கு வந்தது. சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். ஆட்சியாளர் முகத்துக்கு நேரே, அவர்கள் மொழியிலேயே, அவர்களது நீதியுணர்வைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்ட உரை அது. ஆயினும் மார்ச் மாதத்தில் மசோதா சட்டமாயிற்று.

சட்டத்தை மீறிச் சத்தியாக்கிரகம் செய்யுமாறு காந்தியடிகள் நாட்டை அழைத்தார். சாஸ்திரியார் அதற்கு இசையவில்லை. கெட்ட சட்டத்தை மாற்ற வேண்டும், ஆனால் சட்டத்தை மீறும் பழக்கத்தை மக்களிடம் விதைத்தால் நாளை நம் ஆட்சிக்கும் அது இடராகும் என்பது அவரது கருத்து. விளைவு என்ன? அரசினர் கண்ணுக்கு அவர் நாவடக்கம் இல்லாத சுதேசி. தேசியவாதிகள் கண்ணுக்கு அவர் துணிவில்லாத மிதவாதி.

1920இல் ஒத்துழையாமை இயக்கம் பிறந்தது. பள்ளி, நீதிமன்றம், சட்டசபை ஆகிய மூன்றையும் புறக்கணிக்கச் சொன்னது காங்கிரஸ். ஆசிரியராக வாழ்ந்த சாஸ்திரியாரால் மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறுவதை ஏற்க இயலவில்லை. காங்கிரஸிலிருந்து 1918இலேயே பிரியத் தொடங்கிய மிதவாதிகளின் லிபரல் கூட்டமைப்பில் அவர் முன்னணியில் நின்றார். 1922இல் அதன் மாநாட்டுக்குத் தலைமையும் தாங்கினார். அதற்குத் தலைவர்கள் இருந்தார்கள், தொண்டர்கள் இல்லை. எனவே அவரைத் தனி மனிதராகவே வரலாறு காண்கிறது.

கடல் கடந்த பணி

1921இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகச் சென்றார். குடியேற்ற நாடுகளில் நிலையாக வாழும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதாடினார். தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. மற்றவை தீர்மானத்தை ஏற்றன. அவ்வாண்டே பிரிவி கவுன்சில் உறுப்பினராகி 'மகாகனம்' ஆனார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள இந்தியருக்காகப் பேசினார். அரசாங்கச் செலவில் ஊர் சுற்றுகிறார் என்ற ஏச்சும் அவரைத் தொடர்ந்தது.

1923இல் கென்யாவில் மலைநாட்டு நிலங்கள் வெள்ளையருக்கே உரியன என்றும், இந்தியருக்குப் பொது வாக்காளர் பட்டியலில் இடமில்லை என்றும் பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவு செய்தது. அரசு தந்த பட்டத்தை அணிந்திருந்த சாஸ்திரியார், அந்த அரசையே வெளிப்படையாகக் கண்டித்தார். பட்டம் அவர் வாயைக் கட்டவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1927இல் கேப்டவுன் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியரை ஒதுக்குப்புறங்களுக்குத் தள்ளவிருந்த மசோதா அதனால் கைவிடப்பட்டது. அவ்வுடன்படிக்கையை நடைமுறைப்படுத்த இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா செல்லுமாறு சாஸ்திரியாரை வற்புறுத்தியவர், அரசியலில் அவருடன் முரண்பட்ட காந்தியடிகளேதாம்! 1860 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழிவந்தோர் அங்கு மிகுதி. அவர்களுடைய பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெற டர்பன் நகரில் அவர் முயற்சியால் எழுந்த கல்விக்கூடம் அவர் பெயராலேயே சாஸ்திரி கல்லூரி எனப்பட்டது. எனினும், இந்தியர் சிலரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பும் ஏற்பாட்டுக்கு அவ்வுடன்படிக்கை இடங்கொடுத்தது என்ற குறையையும் மறைப்பதற்கில்லை.

1930இல் காங்கிரஸ் புறக்கணித்த வட்டமேஜை மாநாட்டுக்கு அவர் சென்றார். திரும்பி வந்ததும் சப்ரு, ஜெயகர் ஆகியோருடன் சேர்ந்து, சிறையிலிருந்து விடுதலையான காந்தியடிகளுக்கும் வைசிராய் இர்வினுக்கும் இடையே தூது நடந்தார். 1931 மார்ச் 5ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இருவர் வீட்டுக்கும் போய்வரக் கூடியவர் ஒருவர் ஊரில் இருந்தால்தானே சண்டை தீரும்?

அவர் கையெட்டாத இடம்

இதுவரை எழுதியதைப் படிப்போர், சாஸ்திரியார் எல்லா வகையிலும் பின்பற்றத்தக்கவர் என்று நான் முடிவு கட்டியதாகக் கருதலாம். அவ்வாறு எழுதினால் நான் என் வீட்டுக்கு உண்மையாக நடந்தவன் ஆகமாட்டேன்.

என் தந்தையார் வலங்கைமான் பகுதியில் விவசாயக் கூலித் தொழிலாளி. அவருடைய பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தபோது வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் 12½ இலட்சம் பேர். மாகாணத்தின் மக்கள் தொகையோ 4 கோடிக்கு மேல். சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு. அவர்களிலும் வாக்களித்தோர் நூற்றுக்கு 25 பேர்தாம். காங்கிரஸ் விலகி நிற்க, நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. பண்ணையாளுக்கு இக்கட்சி, அக்கட்சி என்ற பேச்சே இல்லை.

சாஸ்திரியாரின் அரசியல், படித்தவர்களின் நியாய உணர்வை நம்பிய அரசியல். மனு எழுதத் தெரியாதவர்கள் எப்படித் தம் குறையைச் சொல்வது என்பதற்கு அதில் விடை இல்லை. 1921இல் நீதிக்கட்சி அரசு பிறப்பித்த வகுப்புவாரி ஆணையும், அதைத் தொடர்ந்து வந்த இட ஒதுக்கீடுமே என் போன்றோர்க்குக் கல்லூரிக் கதவைத் திறந்தன. அந்தக் கதவைத் திறந்தவர்கள் நடுவில் நின்றவர்கள் அல்லர். ஒரு பக்கம் உறுதியாக நின்று போராடியவர்கள்.

தமிழிலும் அவர் வழி தனிவழியே. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1940இல் அறிவியல் கலைச்சொற்களை வகுக்கச் சென்னை அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். அது வடசொற்களுக்கே முதன்மை தருகிறது என்று தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். இன்று நான் ஆய்வுக்கூடத்தில் அமிலம், காரம், கரைசல் என்று எழுதும்போதெல்லாம் அக்கிளர்ச்சி செய்தோர்க்கு நன்றி சொல்கிறேன். எப்பக்கமும் சேராதவர் எப்போதும் நடுநிலையில் நிற்கிறார் என்று பொருளில்லை; அவருக்கும் பிறப்பும் படிப்பும் தந்த சாய்வு உண்டு.

இன்றைய வாக்காளரும் சாஸ்திரியாரும்

அவ்வாறாயின் அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது?

தேர்தல் காலத்தில் எங்கள் தெருவுக்கு இரு பெரும் கட்சிகளின் ஆட்களும் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி வருவர். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே ஓர் அடையாளம் இடுவர். என் தந்தையார் இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்பார். எதற்கும் பிடி கொடுக்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு நேரே இரு பட்டியலிலும் கேள்விக்குறிதான். அக்கேள்விக்குறிக்கு விலை உண்டு. தெருவில் ஒரு சிபாரிசு வேண்டும் என்றால் யாருடைய ஆள் என்று முதலில் கேட்கிறார்கள்.

ஆனால் என் தந்தையாருக்குக் கருத்து இல்லை என்று எவரும் நினைக்க வேண்டா. எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை 1990இல் இலவசமாக்கியது தி.மு.க. அரசு. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்க 2020இல் சட்டம் செய்தது அ.தி.மு.க. அரசு. இரண்டையும் நல்லவை என்பார். நெல் கொள்முதல் நிலைய வாசலில் மூட்டைகள் மழையில் நனைந்தால், எவர் ஆட்சியாயினும் தவறு என்பார். வயலுக்குத் தண்ணீர் வந்ததா, வேலைக்குக் கூலி கிடைத்ததா என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கிறவர் அவர். எங்கள் பகுதியில் இத்தகையோர் பலர். கட்சிக் கொடி கட்டாத வீடுகளே தேர்தல் முடிவைத் திருப்புகின்றன என்பது என் எண்ணம்.

எப்பக்கமும் சேராமையிலும் வகை உண்டு. 1952இல் சென்னை மாநிலத்தின் முதல் பொதுத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. சுயேச்சைகள் 62 பேர் வென்றனர். அவர்களுள் பலர் ஆட்சி அமைக்கும் பக்கம் சாய்ந்தனர். கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் சட்டமே தேவைப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. எவரும் வேண்டா என்று அதில் சொல்லலாம். எது வேண்டும் என்று சொல்ல இயலாது. அதனால் முடிவும் மாறுவதில்லை.

சாஸ்திரியாரின் வழி இவ்விரண்டும் அன்று. அவர் விலை பேசிச் சாயவுமில்லை. வாய் மூடி ஒதுங்கவுமில்லை. ரௌலட் சட்டம் தவறு என்றால் வைசிராய் முன்னிலையில் சொன்னார். ஒத்துழையாமை தவறு என்றால் காந்தியடிகளிடமே சொன்னார். ஒரு கேள்வியில் மாறுபட்டவரோடு அடுத்த கேள்வியில் சேர்ந்து உழைத்தார். கட்சி சாராத வாக்காளருக்கு இதுவே இலக்கணம் என்பேன். ஒவ்வொன்றிலும் முடிவு செய்யவேண்டும். அதை வெளியே சொல்லவும் வேண்டும். என் தந்தையார் மனத்துக்குள் நிறுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சிபாரிசுக்கு அஞ்ச வேண்டிய நிலையில் உள்ள கூலித் தொழிலாளியிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. படித்த நமக்கோ அந்தச் சாக்கு இல்லை.

இறுதி நாட்கள்

நாட்டைத் துண்டாடும் திட்டத்தைச் சாஸ்திரியார் இறுதிவரை ஏற்கவில்லை. 1946 ஜனவரியில் சென்னை வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் படுத்திருந்த அவரை நேரில் சென்று கண்டார். கால் நூற்றாண்டுக் காலம் கருத்து வேறுபட்டிருந்தும், ஒரே ஆண்டில் பிறந்த அவ்விருவருக்கும் இடையே அன்பு குறையவில்லை. 1946 ஏப்ரல் 17ஆம் நாள், தமது 76ஆம் வயதில் சாஸ்திரியார் மறைந்தார். சுதந்திரக் கொடி ஏறியதைக் காண அவர் இல்லை. கொடி ஏற்றியவர்களின் வழியும் அவர் வழி அன்று.

அன்று வாக்கில்லாத பண்ணையாளின் கொள்ளுப்பேரனுக்கு இன்று வாக்கும் உண்டு, பட்டமும் வரவிருக்கிறது. மாணவத் தோழர்களே, ஒரு கட்சியை முழு மனத்தோடு ஏற்றால் ஏற்போம், அதில் இழிவில்லை. ஏற்க இயலாவிடில் வலங்கைமான் பெரியவரைப் போல, காரணத்தை எழுந்து நின்று சொல்லும் துணிவைப் பெறுவோம். குடந்தைக் கல்லூரியில் பயின்ற அவர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து அதுவே.