அமெரிக்காவில் பிறந்தவர், மெட்ராஸுக்கு பிரசிடென்ட்... யார் இந்த எலிஹு யேல்?

அமெரிக்காவின் முதல் அதிபர் யார்னு கேட்டா, ஸ்கூல் பிள்ளைகூட ஜார்ஜ் வாஷிங்டன்னு சொல்லிடும். அவர் பதவியேற்றது 1789-ல். ஆனால், அதற்கு 102 வருடங்கள் முன்பே அமெரிக்க மண்ணில் பிறந்த ஒருவர் பிரசிடென்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் அல்ல, நம்ம சென்னையில்!

அவர் பெயர் எலிஹு யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான். வில்லியம் டாஃப்ட், ஜெரால்டு ஃபோர்டு, சீனியர் புஷ், பில் கிளின்டன், ஜூனியர் புஷ் என ஐந்து அமெரிக்க அதிபர்கள் படித்த இடம் அது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பதில், ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

மெட்ராஸுக்கு எப்படி ஒரு பிரசிடென்ட்?

கிழக்கிந்திய கம்பெனி தன்னுடைய பெரிய வியாபாரத் தலங்களை ஒரு பிரசிடென்ட், அவருக்குக் கீழே ஒரு கவுன்சில் என்ற அமைப்பில் நடத்தியது. அதனால்தான் பின்னாளில் நம் ஊருக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் வந்தது. பிரசிடென்ட்டே கவர்னரும் கூட. வியாபாரம், வரி, நீதி, படை எல்லாமே அவர் கையில்தான்.

அவர் ஆண்ட பகுதி ரொம்பச் சின்னது. கோட்டை, அதற்கு வடக்கே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம், திருவல்லிக்கேணி போன்ற சில கிராமங்கள், அவ்வளவுதான். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கூட அப்போது கம்பெனி கையில் இல்லை. அவை 1693-ல்தான் வந்தன. இன்றைய அம்பத்தூர், ஆவடி பக்கமெல்லாம் கம்பெனிக்கு வெளியூர். சுற்று வட்டாரத்தின் அதிகார மையம் பூந்தமல்லி. அங்கே கோல்கொண்டா சுல்தானின் சார்பில் இருந்த லிங்கப்பா, 1670-களின் கடைசியிலும் 1680-களிலும் கோட்டைக்காரர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தார். பூந்தமல்லியில் இருப்பவர் முகம் சுளித்தால், கோட்டைக்குள் அரிசி வருவதே கஷ்டம் என்ற நிலைமை.

10 பவுண்டு சம்பளத்தில் தொடங்கிய வேலை

எலிஹு யேல் 1649 ஏப்ரல் 5-ம் தேதி பாஸ்டனில் பிறந்தார். வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் பகுதியைச் சேர்ந்த குடும்பம். அவருக்கு மூன்று வயது ஆகும்போது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு சாகும்வரை அவர் அமெரிக்கா பக்கம் போகவே இல்லை.

1672-ல் கம்பெனியின் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக, மெட்ராஸில் வந்து இறங்கினார். ஆண்டுச் சம்பளம் 10 பவுண்டு. எந்த வேலையிலும் அடிமட்டத்தில் சேர்ந்தவருக்கு இருக்கும் கனவுகள் அவருக்கும் இருந்தன. அந்தக் கம்பெனியில் சம்பளத்தை நம்பி யாரும் பணக்காரர் ஆனதில்லை. ஊழியர்கள் சொந்தமாக வியாபாரம் செய்துகொள்ளலாம் என்ற சலுகைதான் உண்மையான வருமானம். யேல் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார், குறிப்பாக வைரம்.

1680 அக்டோபர் 28-ல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4-ம் தேதி, அங்கே முதல் கல்யாணம். மாப்பிள்ளை எலிஹு யேல். மணப்பெண் கேத்தரின், கம்பெனியில் உயர் பதவியில் இருந்து அதே ஆண்டு இறந்துபோன ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி. கணவர் விட்டுச்சென்ற சொத்தும் அவருடன் வந்தது. யேலின் வியாபாரத்துக்கு அது நல்ல முதல்.

1684-85-ல் சில மாதங்கள் தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர், 1687 ஜூலை 25-ல் முழு பிரசிடென்ட் ஆனார்.

பதவியேற்றதும் வந்த சோதனை

அவர் வந்த நேரம் சரியில்லை. அதே 1687-ல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை வீழ்த்தியது. பூந்தமல்லி வட்டாரத்துக்கும் சேர்த்து இனி முகலாயர்தான் எஜமான். இன்னொரு பக்கம், லண்டனில் கம்பெனியை ஆட்டிப்படைத்த ஜோசையா சைல்டு, வங்காளத்திலும் மேற்குக் கடற்கரையிலும் அதே முகலாயருடன் 1686 முதலே சண்டை இழுத்துவிட்டிருந்தார். அந்தச் சண்டை கம்பெனிக்குப் படுதோல்வியில் முடிந்தது. 1690-ல் ஔரங்கசீப்பிடம் மன்னிப்பு கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டியதாயிற்று. இந்த நான்கு வருடங்களில் மெட்ராஸ் முகலாயர் கையில் விழாமல் தப்பித்தது யேல் காலத்தின் முக்கியமான விஷயம்.

உங்கள் சொத்து வரிக்கும் யேலுக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைக்கு அம்பத்தூர்க்காரர்கள் சொத்து வரி கட்டுவது பெருநகர சென்னை மாநகராட்சிக்கு. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னையுடன் இணைக்கப்பட்டது; இப்போது அது 7-வது மண்டலம். அந்த மாநகராட்சி பிறந்தது யேல் பிரசிடென்ட்டாக இருந்தபோதுதான்.

கதை வரியில்தான் ஆரம்பிக்கிறது. கோட்டைச் சுவர், காவல் செலவுக்காக வீட்டு வரி கேட்டது கம்பெனி. ஊர் மக்கள் முடியாது என்றார்கள். யேலுக்கு முன்பு இருந்த வில்லியம் கிஃபோர்டு காலத்தில், 1686-ல், கடையடைப்பு வரை போனது. மிரட்டிப் பார்த்தும் வேலைக்கு ஆகவில்லை. அப்போது ஜோசையா சைல்டு ஒரு கணக்கு போட்டார். கம்பெனி நேரடியாக வரி கேட்டால்தானே எதிர்ப்பு? மக்களின் தலைவர்களையே உள்ளே உட்காரவைத்து, ஊருக்கு ஸ்கூல், டவுன் ஹால், சிறை கட்டுகிறோம் என்று அவர்கள் மூலமாகவே கேட்டால் கொடுப்பார்கள் அல்லவா?

1687 டிசம்பர் 30-ம் தேதியிட்ட சாசனப்படி, 1688 செப்டம்பர் 29-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள். ஆங்கிலேயர், போர்த்துகீசியரோடு சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, அழகாத்த பிள்ளை போன்ற உள்ளூர் வணிகர்களும் அதில் இருந்தார்கள். பல மதத்தினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்தக் காலத்துக்குப் புதுசு. ஆனால் நோக்கம் ஜனநாயகம் இல்லை, வரி வசூல். அதுவும் எதிர்பார்த்த அளவு வசூலாகவில்லை.

முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். அவரும் அமெரிக்காவில் பிறந்தவர், கனெக்டிகட் பகுதியில். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கதையின் இருண்ட பக்கம்

1680-களின் நடுவில் சோழமண்டலக் கடற்கரையில் கடும் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் மக்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல்களும் கிளம்பின. கம்பெனிக்கு செயின்ட் ஹெலினா தீவு போன்ற இடங்களில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐரோப்பாவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்த கவுன்சில் கூட்டத்தில் யேல் இருந்தார். பிரசிடென்ட் ஆனதும் அந்த விதியை அமல்படுத்தினார். 1687-ல் ஒரே ஒரு மாதத்தில் மட்டும் குறைந்தது 665 பேர் ஜார்ஜ் கோட்டையிலிருந்து அடிமைகளாக ஏற்றுமதி ஆனார்கள். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குச் சாட்டையடி, சூடு, பிறகு அடிமையாக நாடு கடத்தல் என்ற தண்டனையையும் யேல் கொடுத்திருக்கிறார்.

1688-ல் அவரது கவுன்சிலே அடிமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சிலர் இதை வைத்து யேலை அடிமை முறைக்கு எதிரானவராகக் காட்டுவது உண்டு. ஆனால் அந்த நேரத்தில் முகலாய அரசு இந்த வியாபாரத்தைக் கடுமையாக எதிர்த்தது. பஞ்சமும் தணியத் தொடங்கியதால் மலிவாக ஆள் கிடைப்பது குறைந்திருந்தது. மனம் மாறியதால் வந்த தடை என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அந்தக் கப்பல்களில் ஏறியவர்களின் பெயர்கள் எந்தக் கட்டடத்திலும் இல்லை. ஏற்றி அனுப்பியவரின் பெயர் உலகப் புகழ் பெற்றது. யேல் பற்றிய இன்றைய விவாதம் எல்லாமே இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

பீரங்கி குண்டு விழுந்த தூரம் வரை

1690-ல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனிக்காக வாங்கினார் யேல். ஒப்பந்தம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலம் எல்லாம் கம்பெனிக்கு. சுட்டார்கள், கிராமம் கிராமமாகச் சேர்ந்தது. அவற்றுக்கு குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கோட்டைக்கு வைத்த பெயர், செயின்ட் டேவிட். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர் அது. 1688 ஜனவரியில் நான்கு வயதுகூட நிறையாமல் இறந்துபோன யேலின் மகன் பெயரும் டேவிட்தான்.

நாற்காலி பறிபோனது எப்படி?

மகன் இறந்த அடுத்த ஆண்டு மனைவி கேத்தரின் பிள்ளைகளுடன் இங்கிலாந்து போய்விட்டார். வைர வியாபாரி ஒருவரின் மனைவியாக இருந்து கணவரை இழந்த ஹிரோனிமா டி பைவா என்பவருடன் யேல் வாழ்ந்தார். அதுவும் ஊர்ப் பேச்சானது.

பெரிய குற்றச்சாட்டு பண விவகாரம். கம்பெனி பெயரையும் பணத்தையும் வைத்து சொந்தச் சொத்து சேர்க்கிறார், தம்பி தாமஸ் யேலுக்குச் சலுகை காட்டுகிறார் என்று கவுன்சில் உறுப்பினர்களே லண்டனுக்குப் புகார் அனுப்பினார்கள். 1692-ல் கம்பெனி அவரை நீக்கியது. அவர் இடத்துக்கு வந்தவர், முதல் மேயராக இருந்த அதே ஹிக்கின்சன். ஆக, அடுத்தடுத்து இரண்டு அமெரிக்கப் பிறவிகள் மெட்ராஸின் பிரசிடென்ட்கள்!

விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது. 1699-ல்தான் யேல் ஊர் திரும்பினார். வேலை போனதே தவிர, சேர்த்த சொத்து அவரிடமேதான் இருந்தது.

562 பவுண்டில் கிடைத்த அழியாப் புகழ்

1701-ல் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி தொடங்கியது. நியூ ஹேவனில் கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. லண்டனில் பணக்காரராக இருந்த யேலின் நினைவு வந்தது. 1718-ல் மதகுரு காட்டன் மேத்தர் அவருக்குக் கடிதம் எழுதினார். உதவி செய்தால் கல்லூரிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம், பிள்ளைகளைவிட அது நிலைத்து நிற்கும் என்பது அதன் சாரம். மகனை இழந்த மனிதரிடம் இது பலித்தது.

யேல் அனுப்பியது: ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம். மூட்டைகளில் மஸ்லின், காலிகோ துணிகளும் இருந்தன. பாஸ்டனில் அந்தச் சரக்கு விற்றது சுமார் 562 பவுண்டுக்கு. கல்லூரி யேல் ஆனது. 1721 ஜூலை 8-ல் அவர் லண்டனில் இறந்தார். உடல் ரெக்ஸமில் அடக்கம் செய்யப்பட்டது.

இப்போது ஏன் பேசுகிறார்கள்?

2020-ல் அமெரிக்காவில் அடிமை முறை பற்றிய விவாதம் சூடானபோது, யேலின் பெயரையே பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. கழுத்தில் வளையம் மாட்டப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவனுடன் யேல் இருக்கும் ஓவியம் அங்குள்ள அருங்காட்சியகத்தில் கீழே இறக்கப்பட்டு, ஆய்வுக்குப் பிறகு 2022-ல் விளக்கத்தோடு மீண்டும் மாட்டப்பட்டது. 2024 பிப்ரவரியில், அடிமை முறையுடனான தன் வரலாற்றுத் தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் மன்னிப்பு கேட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

சென்னையிலும் ஒரு விவாதம் ஓடியது. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், கொஞ்ச தூர நடையில் பழைய சட்டக் கல்லூரி வளாகம். அங்கே ஜோசப் ஹின்மர்ஸும் சிறுவன் டேவிட் யேலும் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஒரு கூர்முனைத் தூண் நிற்கிறது. பார்க்கிங் இடம் தொடர்பான வழக்கில், அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி 2023-ல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். காலனி ஆட்சியின் மிச்சத்துக்குப் பாதுகாப்பு எதற்கு என்றது ஒரு தரப்பு. நல்லதோ கெட்டதோ, அது நம் ஊர் வரலாற்றின் சாட்சி என்றது இன்னொரு தரப்பு.

மாநகராட்சி, கோட்டை, பல்கலைக்கழகம் என்று யேல் தொட்ட பல விஷயங்கள் இன்றும் நிற்கின்றன. அதே கணக்கில் அந்த 665 பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெட்ராஸின் அமெரிக்க பிரசிடென்ட் கதை முழுமையாகும்.