ஆப்பிளை மருந்தாக்கிய பிர்ச்சர் பென்னர்

சுவிட்சர்லாந்தின் ஆரௌ நகரில் 1867ஆம் ஆண்டு பிறந்த மாக்சிமிலியன் பிர்ச்சர், சூரிச்சில் மருத்துவம் பயின்று, 1891இல் அந்நகரத் தொழிலாளர் வாழும் பகுதியில் தம் பணியைத் தொடங்கினார். எலிசபெத் பென்னரை மணந்த பின்னர், அந்நாட்டு வழக்கப்படி துணைவியாரின் குடிப்பெயரும் அவர் பெயரோடு சேர்ந்தது.

இறைச்சியே உடலுக்கு உரம் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பிய காலம் அது. இளம் மருத்துவரும் அவ்வாறே கற்றிருந்தார். சமைத்த உணவு எதுவும் செரிக்காமல் மெலிந்துகொண்டிருந்த பெண்ணொருத்தி அவரிடம் வந்தாள். கற்ற மருந்துகள் கைவிட்டன. மரக்கறி உண்ணும் நண்பர் ஒருவர் சொற்கேட்டு, தயக்கத்துடனேயே பச்சைக் கனிகளை மசித்துக் கொடுத்தார், அவள் தேறினாள். தாம் காமாலையுற்றுக் கிடந்தபோது ஆப்பிள் துண்டுகளே தம்மை எழுப்பின என்பதும் அவர் நினைவிலிருந்தது.

கண்டதை 1900இல் சூரிச் மருத்துவர் கழகத்தின்முன் எடுத்துரைத்தார். அறிவியலின் எல்லையை அவர் கடந்துவிட்டார் என்று அவை தீர்ப்பளித்தது. உடன்பயின்றோரும் ஒதுங்கினர். அந்தத் தீர்ப்பை முற்றும் பொய்யென்று தள்ளவும் இயலாது. இலையிலும் கனியிலும் கதிரவனின் ஆற்றல் தங்கியிருக்கிறது, சமைத்தால் அது குன்றுகிறது, இறைச்சியில் கடைநிலைக்குச் சென்றுவிடுகிறது என்பது அவர் வகுத்த கொள்கை. அக்கொள்கை நிலைக்கவில்லை. ஆயினும் அவர் தட்டில் வைத்த உணவு நிலைத்தது. 1912இல் கசிமிர் ஃபங்க் வைட்டமின் என்னும் பெயரைச் சூட்டினார். பச்சைக் காய்கனிகளின் சிறப்புக்கு வேறொரு விளக்கம் பிறந்தது. காரணத்தில் பிழைத்தவர் காரியத்தில் பிழைக்கவில்லை.

கழகம் கைவிட்டபோதும் அவர் சோரவில்லை. 1904இல் சூரிச் நகரை ஒட்டிய குன்றின்மேல், உயிராற்றல் எனப் பொருள்படும் பெயருடன் நலவாழ்வு இல்லமொன்றை எழுப்பினார். வைகறையில் எழுதல், நடை, வெயிற்குளியல், இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்தல். மதுவும் புகையும் காப்பியும் அறவே இல்லை. 1909இல் அங்குத் தங்கிய எழுத்தாளர் தாமஸ் மான் அதனைச் சிறைச்சாலைக்கு ஒப்பிட்டு நொந்துகொண்டார். ஆனால் உடல்நலம் பெற்றே திரும்பினார்.

அங்கு வழங்கிய சிற்றுணவே மியூஸ்லி. ஆல்ப்ஸ் மலை ஆயர்களிடம் கண்ட எளிய உணவே அதற்கு முன்மாதிரி. இரவெல்லாம் நீரில் ஊறிய ஓட்ஸ் ஒரு கரண்டி, எலுமிச்சைச் சாறு, பொடித்த பருப்புக்கொட்டை, டின்னில் அடைத்த கெட்டிப்பால் சிறிது. கறந்த பாலின் வழியே காசநோய் பரவிய நாளாதலின் கெட்டிப்பால் வேண்டியிருந்தது. தோலும் விதையும் நீக்காமல் துருவிய ஆப்பிளே அதில் பெரும்பகுதி.

பிர்ச்சர் பென்னர் 1939ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். மியூஸ்லி இன்று உலகெங்கும் அட்டைப்பெட்டிகளில் விற்பனையாகிறது. அவற்றுள் பெரும்பாலும் நிறைந்திருப்பது ஓட்ஸ். ஆப்பிளைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.