இமாம் கஸ்ஸாலி ஏற்ற பதவியும் மறுத்த பதவியும்

கடந்த றமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் கட்டாரிலிருந்து எனக்கு ஒரு வேலைக்கான அழைப்பு வந்தது. அங்குள்ள தனியார் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர் பதவி. இங்கே அரச பாடசாலையில் 19 வருடங்களாக அதே பாடத்தைத்தான் கற்பித்து வருகிறேன். அவர்கள் சொன்ன சம்பளம் நான் இங்கு எடுப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி, வருடத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து போக விமானச் சீட்டு எல்லாம் உண்டு. குடும்பத்தை அழைத்துச் செல்ல மட்டும் முடியாது. பதில் சொல்ல இரண்டு வாரம் தந்திருந்தார்கள்.

அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கீறினேன். ஒரு பக்கம் மூத்த மகளின் படிப்புச் செலவு, பாதியில் நிற்கும் வீட்டு வேலை, உம்மாவின் மருந்து. மறுபக்கம் ஓய்வூதியம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், இந்த வருடம் பரீட்சை எழுதும் உயர்தர வகுப்பு, அதே உம்மாவின் வயது. சம்பளமற்ற லீவு கேட்கலாம், கிடைக்குமா என்பது வேறு விடயம். எவ்வளவு கூட்டிக் கழித்தும் விடை வரவில்லை. கணக்கு மாஸ்டருக்கே கணக்கு வரவில்லையா என்று மனைவி சிரித்தார்.

அந்த நாட்களில்தான் பள்ளிவாசல் நூலகத்திலிருந்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றை எடுத்து வந்து வாசித்தேன். இஹ்யா உலூமித்தீன் எழுதிய பேரறிஞர் என்றே நாம் அவரை அறிவோம். அவரது வாழ்க்கை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

1058ஆம் ஆண்டு இன்றைய ஈரானிலுள்ள தூஸ் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை கம்பளி நூல் நூற்று விற்ற ஏழை. பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே அவர் மரணித்துவிட்டார். மரணிக்க முன்னர் தன்னிடமிருந்த சிறு தொகையை ஒரு ஸூபி நண்பரிடம் கொடுத்து, முஹம்மதையும் அவர் தம்பி அஹ்மதையும் படிக்க வைக்கும்படி வஸிய்யத் செய்திருந்தார். அந்தப் பணம் தீர்ந்தபோது நண்பரிடமும் எதுவும் இருக்கவில்லை. மத்ரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும் என்று சொல்லி அவர்களை அங்கே அனுப்பினார். ஆக, இஸ்லாமிய உலகின் மாபெரும் அறிஞர் ஒருவர் மத்ரஸா வாசலை மிதித்தது மூன்று வேளை உணவுக்காகவும்தான். இதை அவர் பிற்காலத்தில் மறைக்கவுமில்லை. அறிவை நாங்கள் வேறொன்றுக்காகத் தேடினோம், அதுவோ அல்லாஹ்வுக்காக அன்றி இருக்க மறுத்துவிட்டது என்ற கருத்தில் அவர் நினைவுகூர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. இதை வாசித்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. சம்பளத்தை நினைப்பதே பாவம் போல நான் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன்.

நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்-ஜுவைனியிடம் அவர் படித்தார். 1085இல் ஆசான் மறைந்த பின்னர் ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிழாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார். அங்கு நடந்த விவாதங்களில் அவரது திறமை வெளிப்பட்டது. 1091இல் பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அப்போது வயது 33. அன்றைய முஸ்லிம் உலகில் ஓர் ஆலிமுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பதவிகளில் அதுவும் ஒன்று. சுமார் 300 மாணவர்கள், அரச மரியாதை, வசதியான வாழ்வு. நம் ஊரில் என்றால் வெடி கொளுத்திக் கொண்டாடியிருப்போம்.

நான்கே வருடங்களில் அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் பாடத்தை நான் யாருக்காக நடத்துகிறேன்? தேடிப் பார்த்தபோது தன் நிய்யத்தில் புகழாசையும் அந்தஸ்தும் கலந்திருப்பதைக் கண்டார். ஹிஜ்ரி 488 றஜபிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் முடிவெடுக்க முடியாமல் தவித்தார். காலையில் போய்விடுவோம் என்று தீர்மானிப்பார், மாலையில் அந்த உறுதி கரைந்துவிடும். இறுதியில் பாடம் நடத்த முடியாதபடி நாவு கட்டுண்டது. உணவு இறங்கவில்லை. இது உள்ளத்து நோய், மருந்தால் தீராது என்று வைத்தியர்களும் கைவிரித்தார்கள். இரண்டு வாரத்தில் நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

1095இல் அவர் பதவியைத் துறந்து டமஸ்கஸ் சென்றார். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளின் உணவுக்கும் தன் அடிப்படைத் தேவைக்கும் உரியதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மிகுதியைப் பகிர்ந்தளித்தார். நிழாமிய்யாவில் அவரிடத்தில் பாடம் நடத்தத் தம்பி அஹ்மத் இருந்தார். உலகைத் துறந்தவர் என்று அவரைப் பற்றிப் பேசும் பயான்களில் இந்த இடம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

டமஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், ஹெப்ரோன், பின்னர் ஹஜ் என்று பயணம் தொடர்ந்தது. ஹெப்ரோனில் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி எந்த ஆட்சியாளரின் சபைக்கும் போவதில்லை, அவர்களின் பணத்தை வாங்குவதில்லை, விவாதத்தில் இறங்குவதில்லை என்று உறுதி எடுத்தார். இஹ்யா உருவானது இந்த விலகலின் காலத்தில்தான்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பெரிய வேலையை விடு என்பதுதான் பாடம் என்று சொல்லிவிடலாம். முடியவில்லை. 11 வருடங்களின் பின்னர், 1106இல், நிழாமுல் முல்க்கின் மகனான அமைச்சர் பக்ருல் முல்க் அவரை நீஷாப்பூரில் கற்பிக்க அழைத்தார். இமாம் நல்லோர் பலரிடம் ஆலோசனை கேட்டார். தனிமை இப்போது இபாதத்தா, அல்லது சோம்பலும் சுகமுமா என்று தன்னையே விசாரித்தார். பின்னர் பதவியை ஏற்றார். முன்னர் பதவி தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவி மோகத்தை விடச் செய்யும் கல்வியைக் கற்பிக்கிறேன் என்பது அவரது விளக்கத்தின் சாரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான்.

சிறிது காலத்தில் தூஸ் திரும்பி, வீட்டருகே ஒரு மத்ரஸாவையும் ஸூபிகளுக்கான ஒரு தங்குமிடத்தையும் அமைத்தார். வாழ்வின் இறுதிப் பகுதியில் பக்தாத் நிழாமிய்யா அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை மறுத்தார். அவர் எழுதிய பதிலில் உள்ள காரணங்கள் மிகச் சாதாரணமானவை. தூஸில் சுமார் 150 மாணவர்கள் தன்னிடம் படிக்கிறார்கள், அவர்களை இடம்பெயர்ப்பது சிரமம். இப்போது குடும்பப் பொறுப்பு இருக்கிறது. பக்தாதில் உதவிப்பணம் வாங்காமல் வாழ முடியாது, இங்கோ சிறு நிலத்தின் வருமானம் போதும். ஹெப்ரோனில் எடுத்த உறுதியும் இருக்கிறது. 1111ஆம் ஆண்டு சொந்த ஊரிலேயே வபாத்தானார்.

ஒரே மனிதர் ஒருமுறை விட்டார், ஒருமுறை ஏற்றார், ஒருமுறை மறுத்தார். மூன்று முறையும் அவர் கேட்ட கேள்விகள் ஒன்றுதான். எதற்காக இதைச் செய்கிறேன்? என்னை நம்பி யார் இருக்கிறார்கள்? நிலைமை மாறியபோது விடையும் மாறியது.

நான் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். மகளின் செலவுக்கு வழி உண்டு, சற்று இறுக்கமாக. வீட்டு வேலை காத்திருக்கும். உண்மையில் என்னை இழுத்தது தேவையல்ல, கூடப் படித்தவர்கள் கட்டிய மாடி வீடுகள்தான். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஐந்து நாட்கள் எடுத்தன. உம்மாவை விட்டுப் போக முடியாது. வருட நடுவில் நான் போனால் உயர்தர வகுப்பின் 23 பிள்ளைகளுக்கு வேறு கணித ஆசிரியர் இல்லை. இஸ்திகாரா தொழுதுவிட்டு, நன்றி கூறி மறுத்து எழுதினேன்.

அதே பதவிக்கு என் நண்பர் ஒருவர் விண்ணப்பித்துப் போயிருக்கிறார். அவருக்குக் கடன் இருக்கிறது, வாப்பாவின் சத்திரசிகிச்சை இருக்கிறது. அவர் போனது சரி என்றே நினைக்கிறேன். நானே அவரைக் கட்டுநாயக்க வரை கொண்டுபோய் விட்டு வந்தேன். நான் நின்றதும் அவர் போனதும் கபூலாகட்டும்.