ஜோக்கருக்கு முகம் கொடுத்த நடிகர்

வவ்வால் வேடம் பூண்டு, இரவிலே கிளம்பி, கொடியவர்களைப் பிடிக்கும் வீரன் பேட்மேன். அவனை எதிர்த்து நிற்கும் வில்லன், ஜோக்கர்.

வெளுத்த முகம், பச்சைத் தலைமுடி, காது வரை நீண்ட சிரிப்பு. இந்த வில்லனைத் தெரியாத சினிமா ரசிகர் உலகத்தில் குறைவு.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் பிறந்த ஒரு நடிகரின் முகத்தில் இருந்து வந்தது! அவர் பெயர் கான்ராட் வைட்.

படத்தில் அவர் கொடியவர். வாழ்க்கையில் நல்லவர். அதிலும், கெட்டவர்களை எதிர்ப்பதற்காகவே கெட்டவராக நடித்தவர்!

கடைசி மாணவர்

கான்ராட் வைட் 1893-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ந் தேதி பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார்.

படிப்பில் கான்ராடுக்கு மனம் செல்லவில்லை. வகுப்பில் மொத்தம் 13 மாணவர்கள். அதில் கடைசி மாணவராக, 1912-ல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தார்.

மனம் முழுவதும் நாடகத்திலேயே இருந்தது. பெர்லினில் மாக்ஸ் ரெயின்ஹார்ட் என்பவருடைய நாடகக் குழு மிகவும் பெயர் பெற்றது. அதிலே போய்ச் சேர்ந்தார். பெரிய வேடம் எதுவும் கிடைக்கவில்லை. கூட்டத்தில் ஒருவராக வந்து நின்று போவதுதான் அவர் வேலை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கான்ராட் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். 1915-ல் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மஞ்சள் காமாலையும் நிமோனியாவும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். உடம்பு தேறியதும், போர் வீரர்களுக்காக நடந்த நாடகங்களில் நடித்தார். பிறகு பட்டாளத்தில் இருந்து விடுவிக்கப்பட்டு, 1917-ல் பெர்லினுக்குத் திரும்பினார்.

ஓங்கிய கத்தி நின்றது!

அது பேசாத படங்களின் காலம். நெடிய உருவம், மெலிந்த உடல், ஊடுருவிப் பார்க்கும் கண்கள். இந்த மூன்றும் கான்ராடைச் சினிமாவுக்குக் கொண்டு வந்தன.

1920-ல் டாக்டர் கலிகாரியின் கதையைச் சொல்லும் படம் வெளிவந்தது. அதில் கான்ராடுக்கு விசித்திரமான வேடம். எப்போதும் உறக்கத்தில் இருப்பவன்; பெட்டிக்குள் கிடப்பவன்; எஜமான் கட்டளையிட்டால் எழுந்து போய்க் கொலை செய்பவன்!

ஒரு காட்சியில், உறங்கும் பெண்ணைக் கொல்லக் கத்தியை ஓங்குகிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது.

கொலைகாரனுக்கு உள்ளேயும் ஒரு மனித மனம் இருக்கிறது. அதை ஒரு வார்த்தை பேசாமல் கான்ராட் காட்டினார். வில்லன் என்றால் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டினால் போதும் என்று பலர் நினைத்த காலம் அது. கான்ராடின் வழி வேறாக இருந்தது. அந்த ஒரு படத்தினால் அவர் பெயர் உலகம் எங்கும் பரவியது.

சிரிக்கும் மனிதன்

அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே 1928-ல் வெளிவந்த படம்தான் "சிரிக்கும் மனிதன்". பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ எழுதிய நாவல், படமாக எடுக்கப்பட்டது.

அரசனைப் பகைத்துக்கொண்ட ஒரு பிரபு. அவருடைய மகன் சின்னஞ்சிறு பையன். தகப்பன் மீதுள்ள கோபத்தில், அந்தப் பையனின் வாயை அறுத்து, எப்போதும் சிரித்தபடி இருக்குமாறு செய்துவிடுகிறார்கள்.

பையன் வளர்ந்து, ஊர் ஊராகப் போகும் கூத்தில் கோமாளி ஆகிறான். அழுதாலும் அவன் முகம் சிரிக்கும். ஊரார் அதைப் பார்த்துக் கைகொட்டி நகைப்பார்கள். கண் பார்வை இல்லாத ஒரு பெண் மட்டும் அவனை உள்ளன்போடு நேசிக்கிறாள்.

இந்த வேடத்துக்காக, உதடுகளின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியைக் கான்ராடின் வாய்க்குள் பொருத்தினார்கள். வாயை அசைக்க வழியில்லை. முகத்தின் பாதி பூட்டப்பட்டுவிட்டது. மிஞ்சியவை கண்கள் மட்டுமே.

அந்தக் கண்களாலேயே நடித்தார். வாய் சிரித்தது, கண்கள் அழுதன!

இந்தப் படத்தில் அவர் வில்லன் அல்ல, கதாநாயகன். ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பிற்காலத்தில் வேறொரு விதி காத்திருந்தது.

ஒரே ஒரு சொல்

பேசும் படம் வந்தது. கான்ராடின் ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை வீசியது. 1929-ல் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். சினிமாவில் வேலை செய்கிறவர்கள், தாங்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. யூதர்களை விரட்டுவதற்கான ஏற்பாடு அது.

கான்ராட் யூதர் அல்ல. ஆனால், அவர் கைப்பிடித்த லில்லி யூத வம்சத்தைச் சேர்ந்தவர். முந்தைய இரண்டு மணங்களும் முறிந்த பிறகு, அந்த ஆண்டில்தான் லில்லியை அவர் மணந்துகொண்டார்.

மனைவியைக் கைவிட்டிருந்தால் பதவியும் பணமும் அவர் காலடியில் கிடந்திருக்கும். கான்ராட் பேனாவை எடுத்தார். இனம் என்ற இடத்தில், யூதர் என்று எழுதினார்!

அத்துடன் ஜெர்மனியில் அவருடைய வாழ்வு முடிந்தது. மனைவியுடன் இங்கிலாந்துக்குப் போனார். 1939-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆனார்.

மந்திரவாதியும் மைசூர்ப் பையனும்

இங்கிலாந்தில் அவர் நடித்த படங்களில் புகழ் பெற்றது, "பாக்தாத் திருடன்". 1940-ல் வெளிவந்தது. மைசூர் ராஜ்யத்தில், யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு அதில் சுட்டித் திருடனாக நடித்தான். கான்ராடுக்கு மந்திரவாதி ஜாபர் வேடம்.

ஜாபரிடம் இல்லாத மந்திரம் இல்லை. ஆனால், இளவரசியின் அன்பை மட்டும் மந்திரத்தால் பெற முடியவில்லை. அந்தத் தவிப்பைக் கான்ராட் கண்களிலே காட்டினார். ரசிகர்களுக்கு ஜாபரிடம் பயமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனின் போர்ச் செலவுக்குக் கான்ராட் தம் சேமிப்பில் இருந்து பெருந்தொகை கொடுத்து உதவினார். பிறகு மீண்டும் ஹாலிவுட் போனார்.

ஜெர்மன்காரர் என்பதால், நாஜி அதிகாரி வேடத்துக்கே தம்மைக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். நாஜி வேடம் கொடுத்தால், அவன் கொடியவனாகவே இருக்க வேண்டும். நல்லவனாகக் காட்டக் கூடாது!

1942-ல் வந்த "காஸாபிளாங்கா" படத்தில் அவர் நாஜி மேஜர் ஸ்டிராஸர். கத்துவதில்லை, குதிப்பதில்லை. மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை நெரிப்பவன். தம்மைத் துரத்தியவர்களின் உண்மை முகத்தை உலகத்துக்குக் காட்டிவிட்டார்.

1943-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கோல்ப் விளையாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பினால் கான்ராட் இறந்தார். வயது 50. மறு வருடம் "காஸாபிளாங்கா" சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சாகாத சிரிப்பு

கான்ராட் உயிரோடு இருந்தபோதே, 1940-ல், அமெரிக்காவில் பேட்மேன் சித்திரக் கதைக்குத் தனிப் புத்தகம் தொடங்கினார்கள். அதற்கு ஒரு புது வில்லன் தேவைப்பட்டான். பாப் கேன், பில் பிங்கர், ஜெர்ரி ராபின்சன் மூவரும் கூடி யோசித்தார்கள். சீட்டுக்கட்டில் உள்ள ஜோக்கர் சீட்டு ஒன்று கிடைத்தது. "சிரிக்கும் மனிதன்" படத்தில் கான்ராட் சிரிக்கும் போட்டோவைப் பிங்கர் கொண்டு வந்தார். இரண்டும் சேர்ந்து ஜோக்கர் பிறந்தான்.

முதல் புத்தகத்திலேயே அவனைச் சாகடித்துவிடுவதாக இருந்தது. நல்ல வில்லனைக் கொல்வானேன் என்று ஆசிரியர் தடுத்துவிட்டார். ஜோக்கர் பிழைத்தான், சினிமாவுக்கும் வந்தான்.

2005-ல் டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன் பேட்மேன் கதையைப் புதிதாகப் படமெடுத்தார். வீரன் எப்படி உருவானான் என்பதைச் சொன்ன படம் அது. வசூல் 40 கோடி டாலருக்கும் குறைவு. 2008-ல் இரண்டாம் பாகமாக "தி டார்க் நைட்" வந்தது. வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது!

காரணம் என்ன? பெரிய காரணம், வில்லன். இந்த ஜோக்கருக்குப் பறக்கத் தெரியாது, மந்திரம் தெரியாது. ஆனால், யாரையும் கொல்வதில்லை என்று பேட்மேன் எடுத்த விரதத்தையே அசைத்துப் பார்க்கிறான். இருவர் உயிர் ஆபத்தில் இருக்க, ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும் என்ற நிலையை உண்டாக்குகிறான். வீரனின் உடம்பை அடிப்பவன் சாதாரண வில்லன். அவன் மனத்தை அடிப்பவனே பெரிய வில்லன்.

முதல் பாகத்தில் வீரனின் பலம் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் அந்தப் பலத்துக்குச் சோதனை வர வேண்டும். சோதனை பெரிதானால் வீரனும் பெரியவன் ஆகிறான், படமும் நிற்கிறது.

அந்த ஜோக்கராக நடித்தவர் ஹீத் லெட்ஜர். படம் வெளிவரும் முன்பே, 28-வது வயதில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு, இறந்தவருக்கே ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள்.

அவர் இறந்த நாள், 2008 ஜனவரி 22. கான்ராட் வைட் பிறந்ததும் ஜனவரி 22-ந் தேதிதான்!

கான்ராடின் சிரிப்பு இன்றும் சாகவில்லை. தீமை எப்படி இருக்கும் என்று காட்ட அவர் தம் முகத்தைக் கொடுத்தார். மனத்தை மட்டும் அவர் தீமைக்குக் கொடுக்கவே இல்லை.