சானே குருஜி: ஒரு தாய் வளர்த்த பிள்ளை

 மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பத்தாவது படித்த எனக்குத் தெரிந்த அளவில், பிள்ளைகளுக்காக எழுதிய சானே குருஜியைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் முழுப்பெயர் பாண்டுரங்க சதாசிவ சானே. மகாராஷ்டிராவில் ரத்னகிரி பக்கம் பால்கட் என்ற ஊரில் 1899 டிசம்பர் 24-ல் பிறந்தார். வசதியாக இருந்த குடும்பம்தான், கடன் வந்து நசுக்கிவிட்டது. கடன்காரன் வாசலில் வந்து நிற்கிற அவமானம் எப்படிப்பட்டது என்று நம்ம குழுவில் பல பேருக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்திலேயே அவர் அம்மா யசோதா 1917-ல் இறந்துபோனார்.

பையன் விடவில்லை, எப்படியோ படித்து முன்னுக்கு வந்தார். 1924-ல் அமள்நேரில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். விடுதிப் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டார். பிள்ளைகளுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1930-ல் சுதந்திரப் போராட்டத்துக்காக அந்த வேலையை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனார். நம்ம திருச்சி ஜெயிலிலும் அவரை வைத்திருந்தார்கள். அங்கே சும்மா உட்காராமல் தமிழ் கற்றுக்கொண்டார். திருக்குறளை மராத்தியில் கொடுத்தவர் அவர்.

1933-ல் நாசிக் ஜெயிலில் இருந்தபோது, அம்மாவை நினைத்து ஐந்தே நாளில் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். ‘சியாமின் அம்மா’ என்று அதற்குப் பேர். அதைச் சினிமாவாக எடுத்தார்கள், அந்தப் படத்துக்கு ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரு சம்பவம் வரும். தாழ்த்தப்பட்ட சாதிக் கிழவி ஒருத்தி விறகுக்கட்டைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். தொட்டால் தீட்டு என்ற காலம். சியாமின் அம்மா மகனைக் கூப்பிட்டு, போய்த் தூக்கிவிடச் சொல்கிறாள். வந்ததும் குளிக்கவும் சொல்கிறாள். ஊர் வழக்கத்தை மொத்தமாக உடைக்க அவளால் முடியவில்லை. முடிந்த வரைக்கும் செய்தாள். மிச்சத்தை மகன் செய்தார்.

பண்டரிபுரம் விட்டல் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை விடுவதில்லை. குருஜி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947 மே மாதம் சாகும்வரை உண்ணாவிரதம் என்று உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் போல ஆனது. கடைசியில் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. கிழவிக்கு விறகு தூக்கிவிட்ட கைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1948 ஆகஸ்ட் 15-ல் ‘சாதனா’ என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். அது இன்றைக்கும் வருகிறது. ஆனால் காந்தியைக் கொன்ற துக்கம் அவரை ரொம்பவே உடைத்துவிட்டது. 1950 ஜூன் 11-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான். ஊரார் துயரத்துக்கெல்லாம் ஓடின மனுஷன். இதை எழுதும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் ரெண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வாரக் கூட்டத்தில் சந்தா கட்டினாயா என்று கேட்கிற மாதிரி, நல்லாயிருக்கியா அக்கா என்றும் கேட்போம். முகம் வாடியிருந்தால் விடாமல் கேட்போம். அடுத்தது, நம்ம பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். எந்தத் தெருக்காரி வந்தாலும் ஒரே பாயில் உட்கார வைத்து, ஒரே டம்ளரில் டீ கொடுப்போம். யசோதாம்மா பாதியில் விட்டதை நாம் முழுசாகச் செய்வோம்.