பானைக்குள் வைத்த காணி உறுதி

அப்பாயியிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. 1977 வன்செயலில் வெலிமடைத் தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்குப் போனபோதும், 2009இல் முகாமுக்குள் போனபோதும் அதை அவர் கைவிடவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், பழைய துண்டுகள், படங்கள் எல்லாம் அதில் இருந்தன. காணி உறுதி மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படியொன்று இருந்ததில்லை.

எரேமியாவைக் கண்ணீரின் தீர்க்கதரிசி என்றுதான் தேவாலயத்தில் சொல்லித்தந்தார்கள். எனக்கு அவர் காணி வாங்கிய மனிதர்.

எருசலேமுக்குச் சில கிலோமீற்றர் வடகிழக்கே ஆனதோத் என்ற ஊரில், ஆசாரியர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கி.மு. 627 அளவில் பேசத் தொடங்கினார். நகரம் விழும் என்று சொன்னதால் அரசவை அவரை வெறுத்தது. சொந்த ஊராரே கொல்லப் பார்த்தார்கள். கல்யாணம் செய்யவில்லை. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சீக்கிரம் திரும்பலாம் என்ற பொய் ஆறுதல் அதில் இல்லை. அங்கேயே வீடு கட்டி, தோட்டம் வைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கச் சொன்னார். திரும்புவதற்கு 70 வருடம் ஆகும் என்றும் எழுதினார்.

பிறகு எருசலேமே முற்றுகைக்குள் வந்தது. எகிப்தியப் படை வருகிறது என்ற செய்தியில் முற்றுகை கொஞ்சம் தளர்ந்தபோது, தன் பங்குக் காணி விடயமாக ஊருக்குப் புறப்பட்டார். நகர வாசலில் மறித்தார்கள். எதிரியிடம் ஓடுகிறார் என்று சொல்லி அடித்து அடைத்தார்கள். ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

காவல் முற்றத்தில் கைதியாக இருந்தபோதுதான் தகப்பனின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள வயலை வாங்கும்படி கேட்டார். சுற்றிலும் பாபிலோன் படை. அந்த வயலுக்கு யார் காசு கொடுப்பார்கள்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு உறுதிகள். நெடுங்காலம் இருக்கும்படி அவற்றை ஒரு மண்பானையில் வைக்கச் சொல்லி பாருக்கிடம் கொடுத்தார். இந்த மண்ணில் வீடும் வயலும் மறுபடி வாங்கி விற்கப்படும் என்பது அவர் நம்பிக்கை.

யூதர்களின் மீட்சி எண்ணத்துக்கு இப்படி ஒரு விலையும் எல்லையும் சாட்சியும் இருந்தன. ஆதிக் கிறிஸ்தவர்கள் அதை விரித்தார்கள். இராச்சியம் இப்போதே திரும்பக் கிடைக்குமா என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்டார்கள். பேதுரு எல்லாமே சீர்ப்படும் காலத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், எல்லா ஆன்மாக்களும் கடைசியில் கடவுளிடம் திரும்பும் என்ற அளவுக்குப் போனார். பெரிய எண்ணம்தான். ஆனால் மீள்குடியேற்றப் படிவங்கள் நிரப்பி வளர்ந்த எனக்கு, எல்லாம் என்ற சொல்லில் அவ்வளவு பிடிப்பில்லை. பானையில்தான் பிடிப்பு.

நகரம் விழுந்த பிறகு எரேமியா மிஞ்சிய ஏழைகளோடு தங்கினார். ஆளுநர் கெதலியா கொல்லப்பட்டதும், பயந்துபோன மக்கள் அவர் பேச்சைக் கேட்காமல் அவரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள். ஆனதோத்துக்கு அவர் திரும்பியதாக எங்கும் இல்லை. கி.மு. 538இல் கோரேசு மன்னன் அனுமதி கொடுத்த பின் திரும்பியவர்களின் பட்டியலில் ஆனதோத் ஆண்கள் 128 பேர் இருக்கிறார்கள்.

வெலிமடையில் எங்கள் உறவினர் ஒருவருக்கு 7 பேர்ச்சஸில் வீடு கிடைத்திருக்கிறது. உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. போன தடவை போனபோது, அதைக் கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதிகளை எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்.