வ.உ.சி-யின் கப்பல் கம்பெனி சொல்லும் சிஎஸ்ஆர் பாடம் என்ன?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம் மாதிரியான மீனவ கிராமங்களுக்குத் தெற்கே, காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் பெரிய துறைமுகங்கள் இருக்கு. பக்கத்துல இருக்கும் கம்பெனி ஊருக்கு என்ன செய்யணும்? அதை யார் முடிவு பண்றாங்க? இதுக்கு விடை தேடினா, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் கொஞ்சம் கிடைக்குது.

கம்பெனியில் அவர் யார்?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி, தொழிலால் வக்கீல். தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி பிரிட்டிஷ் கம்பெனி கையில் இருந்தப்போ, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் ரூ.10 லட்சம், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி துணைச் செயலாளர்தான். ஆனா ஊர் ஊராப் போய் பங்கு சேர்த்தது அவர். நம்மவர்களுக்குக் கப்பல் தொழிலைக் கற்றுத்தருவதும் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று.

அடுத்தவர் மில்லுக்கு ஏன் போனார்?

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. கூலி உயர்வு, வார விடுமுறை கேட்டாங்க. அது ஹார்வி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மில். வ.உ.சி கம்பெனிக்கு இதுல லாபம் இல்ல, ரிஸ்க் மட்டும்தான். இருந்தும் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றார். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

மார்ச் 12-ல் கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். அவர் இல்லாத கம்பெனி தடுமாறி, 1911-ல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்தப்போ கப்பலும் இல்ல, வக்கீல் சன்னதும் இல்ல. 1936 நவம்பர் 18-ல் காலமானார்.

இப்போ சட்டம் என்ன சொல்லுது?

2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி - இதில் ஒன்றைத் தொட்டாலும், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிடணும். கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரணும். இதுதான் சிஎஸ்ஆர்.

ஆனா எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை இயக்குநர் குழுதான் முடிவு செய்யுது. அங்கதான் தலைமையின் மனசு தெரியும். வ.உ.சி-க்கு எந்தச் சட்டமும் தேவைப்படல. ஆனா ஒருத்தர் மனசை மட்டும் நம்பியிருந்தா, அவர் போனதும் எல்லாம் போயிடும். அதனாலதான் சட்டம் வேணும். கேள்வி கேட்கும் ஊரும் வேணும். சிஎஸ்ஆர் திட்டங்களைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடணும். உங்க ஊர் பெயர் அதுல இருக்கான்னு பாருங்க.